அந்த ஸ்டூலில் உட்காரும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அம்மா சொல்லி நான் இதை எழுதவில்லை. அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "வேலையை மட்டும் விட வேண்டாம் என்று அவனிடம் சொல்லு." நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. ஒரு நல்ல ராக் குழு உன்னைத் தேடி வந்து கூப்பிட்டிருக்கிறது. உனக்கு ஆசை இருக்கிறது, கையும் இருக்கிறது. இருபத்து நாலு வயதில் போகாமல் எப்போது போவாய்? போ. ஆனால் எப்பேர்ப்பட்ட இடத்தில் போய் உட்காரப்போகிறாய் என்று தெரிந்துகொண்டு போ.

உன் கடிதத்தில் இரண்டு இடங்கள் என்னை உறுத்துகின்றன. பழைய டிரம்மர் "தானாகவே போய்விட்டார்" என்று அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறாய். "நாமெல்லாம் ஒரே குடும்பம், பத்திரமெல்லாம் எதற்கு" என்று பாடகர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். நான் சியாட்டிலில் இசைக்காரர்களுக்கு வரிக்கணக்குப் பார்த்தே பிழைத்தவன். மார்ச் மாதம் வந்தால் பாட்டு எழுதுகிறவர், கிட்டார்காரர், டிரம்மர் எல்லாரும் ரசீதுப் பைகளோடு என் மேசைக்கு எதிரே வந்து உட்காருவார்கள். ஒரே வேனில் ஒரே வருடம் ஊர் ஊராகச் சுற்றியவர்களின் வருமானம் எவ்வளவு வேறுபடும் என்பதை நான் தாளில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் டிரம்மரின் தொகைதான் கடைசியில் நிற்கும். மேடையில் அதிகமாக வியர்த்தவரும் அவராகத்தான் இருப்பார். அதனால் எனக்கு இந்த விஷயத்தில் வருத்தமும் உண்டு, தீர்மானமான கருத்தும் உண்டு.

முதலில் அந்த ஸ்டூலைப் பற்றிச் சொல்கிறேன். ராக் குழுக்களில் டிரம்மரின் இடம்தான் அடிக்கடி கைமாறும். நீ சட்டையில் போட்டுக்கொண்டு திரியும் நிர்வாணா குழுவையே எடுத்துக்கொள். டேவ் க்ரோல் வருவதற்கு முன் அங்கே நாலைந்து பேர் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். 1989-இல் வந்த முதல் ஆல்பமான 'ப்ளீச்'சில் பெரும்பாலான பாட்டுகளுக்கு வாசித்தவர் சாட் சேனிங். 1990 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில், தயாரிப்பாளர் புட்ச் விக்கின் ஸ்டுடியோவில் அடுத்த ஆல்பத்துக்காகப் பதிவு செய்தபோதும் அவர்தான். அதற்கு அடுத்த மாதம் அவர் குழுவில் இல்லை. பாட்டு எழுதுவதில் தனக்கும் பங்கு வேண்டும் என்று அவர் நினைத்தார். அவருடைய வாசிப்பு போதவில்லை என்று மற்ற இருவரும் நினைத்தார்கள். இடையில் மட்ஹனி குழுவின் டான் பீட்டர்ஸ் வந்தார். ஒரு பாட்டுப் பதிவு, செப்டம்பரில் ஒரே ஒரு மேடை, அவ்வளவுதான். அதே மாதம் க்ரோல் வந்து உட்கார்ந்தார். ஒரு வருடத்தில் 'நெவர்மைண்ட்' வெளிவந்து உலகத்தையே புரட்டிப்போட்டது.

அந்த ஆல்பத்தில் 'பாலி' என்ற பாட்டைக் கூர்ந்து கேள். அங்கங்கே மெல்ல விழும் சிம்பல் ஓசை சேனிங்குடையது. மேடிசனில் பதிவானதை அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். ஆல்பத்தில் அவர் பெயர் போடவில்லை. 'இன் ப்ளூம்' பாட்டின் டிரம்ஸ் வடிவமும் அவர் மேடிசனில் போட்டதுதான். 2014-இல் நிர்வாணாவை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். சேனிங் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் சபையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் பேசிய க்ரோல், அவரைச் சுட்டிக்காட்டி, அந்த வடிவம் சாட் உருவாக்கியது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். க்ரோலை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதற்கு அவர் வாசிப்பை விட அந்தப் பேச்சு பெரிய காரணம். தனக்கு முன்னால் அந்த ஸ்டூலில் இருந்தவர் என்ன விட்டுவிட்டுப் போனார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நீயும் அப்படித் தெரிந்துகொள். பழைய டிரம்மரின் எண்ணை வாங்கி அவரோடு நேரில் பேசு. புறம் கேட்பதற்காகப் போகாதே. ஏன் போனார், சம்பளம் எப்படி வந்தது, இப்போது பதிவாகப்போகும் பாட்டுகளில் எவற்றின் வாசிப்பு அவருடையது என்று கேள். அவருடையதை நீ வாசிக்கப்போகிறாய் என்றால் அதை அவரிடமே சொல்லிவிடு. இதைச் செய்யச் சொல்லி உன் குழுவில் யாரும் உன்னிடம் சொல்லமாட்டார்கள்.

இதே சியாட்டிலின் பேர்ல் ஜாம் கதை இன்னும் நீளமானது. முதல் ஆல்பமான 'டென்'னில் வாசித்த டேவ் க்ரூசன், பதிவு முடிந்த கையோடு குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுக்கப் போனார். அடுத்து வந்த மேட் சேம்பர்லின் சில வாரங்கள் மட்டும் அவர்களோடு வாசித்துவிட்டு, நியூயார்க்கில் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் குழுவில் வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டார். போகும்போது தன் இடத்துக்கு டேவ் அப்ரூசீஸ் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். அப்ரூசீஸ் 1994 வரை இருந்தார். பிறகு ஜாக் அயன்ஸ் 1998 வரை. அதன் பிறகு சவுண்ட்கார்டனின் மேட் கேமரன், 2025 ஜூலையில் அவரே விடைபெறும் வரை. 2017-இல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவோடு சேர்க்கப்பட்ட டிரம்மர்கள் க்ரூசனும் கேமரனும் மட்டும். குழு உச்சத்தில் இருந்த வருடங்களில் வாசித்த அப்ரூசீஸ் சேர்க்கப்படவில்லை. அது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

இவர்களில் நீ கவனிக்க வேண்டியவர் ஜாக் அயன்ஸ். 1990-இல் அந்தக் குழு இன்னும் பெயர்கூட வைக்காத நிலையில் டிரம்ஸ் வாசிக்க முதலில் அவரைத்தான் கேட்டார்கள். அவருக்கு வர முடியவில்லை. ஆனால் அவர்கள் கொடுத்த பாட்டில்லாத இசை நாடாவை, சான் டியேகோவில் இருந்த தன் நண்பர் ஒருவரிடம் கொடுத்தார். அந்த நண்பர் எடி வெடர். இப்படி, வர முடியாது என்று சொன்ன டிரம்மர்தான் அந்தக் குழுவுக்குப் பாடகரைத் தேடிக்கொடுத்தார். நாலு வருடம் கழித்து அதே ஸ்டூல் அவரிடமே வந்தது. ஓர் இடத்துக்கு முடியாது என்று சொல்லும்போதும் ஓர் உதவியோடு சொல்லத் தெரிந்திருந்தால் இந்த ஊரில் கதவுகள் மூடுவதில்லை, மாப்பிள்ளை.

சின்ன வயதில் நீ மிருதங்கம் கற்றாய், நினைவிருக்கும். மார்கழி சீசனில் ஒரு மிருதங்க வித்வான் இன்று ஒரு பாடகிக்கு வாசிப்பார், நாளை ஒரு புல்லாங்குழலுக்கு, அடுத்த நாள் வேறொரு சபாவில் வேறொருவருக்கு. அவரை யாரும் 'அந்தப் பாடகியின் மிருதங்கம்' என்று சொல்வதில்லை. அவர் வாசிப்புக்கு அவர் பெயர்தான். ராக் உலகத்தில் குழு என்ற எண்ணம் ரொம்ப வலுவானது. ரசிகனும் நாலு முகங்களைத்தான் சுவரில் ஒட்டுகிறான். ஆனால் நாற்பது வருடம் தாக்குப்பிடித்த டிரம்மர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் அது பக்கவாத்தியக்காரரின் வாழ்க்கையாகத்தான் இருக்கிறது.

ஜோஷ் ஃப்ரீஸைப் பார். சிறு வயதிலேயே டிஸ்னிலேண்டில் ஒரு குழுவில் வாசித்துச் சம்பாதிக்கத் தொடங்கியவர். வேண்டல்ஸ், டீவோ, ஏ பெர்ஃபெக்ட் சர்க்கிள், நைன் இன்ச் நெயில்ஸ், வீஸர், ஸ்டிங் என்று அவர் உட்காராத ஸ்டூல் குறைவு. 2022-இல் டிரம்மர் டெய்லர் ஹாக்கின்ஸ் இறந்தபின், 2023-இல் க்ரோலின் ஃபூ ஃபைட்டர்ஸ் குழு ஃப்ரீஸைச் சேர்த்துக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பில் அவரை நிறுத்தினார்கள். காரணம் சொல்லவில்லை என்று அவரே வெளியில் சொன்னார். வேறொருவராக இருந்தால் அதோடு உடைந்துபோயிருப்பார். அவர் சில மாதங்களிலேயே நைன் இன்ச் நெயில்ஸில் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். பல வருடங்களாக அவரோடு வாசித்தவர்கள் எல்லாரிடமும் அவர் எண் இருந்தது. கூப்பிட்டால் நேரத்துக்கு வருவார், பாட்டுகளைப் படித்துவிட்டு வருவார் என்ற பேர் இருந்தது. நீ இந்தக் குழுவில் சேர்ந்த பிறகும் மாதத்தில் இரண்டு மூன்று நாளாவது வேறு ஆட்களோடு வாசி. அதை இப்போதே, சேரும்போதே, அவர்களிடம் சொல்லிவிடு. பிற்பாடு சொன்னால் துரோகம் மாதிரித் தெரியும்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்.

ஒரு பாட்டு வெளிவந்தால் அதில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, பாட்டு: வரிகளும் மெட்டும். இன்னொன்று, அந்தப் பாட்டின் பதிவு. இரண்டுக்கும் காப்புரிமை தனித்தனி, வருமானம் தனித்தனி. அமெரிக்க வானொலியில் உங்கள் பாட்டு ஒலித்தால், ஆஸ்கேப், பி.எம்.ஐ. போன்ற சங்கங்கள் வழியாகப் பாட்டு எழுதியவருக்குப் பணம் வரும். வாசித்தவருக்கு வராது. ஆமாம், சாதாரண வானொலியில் பாட்டு ஆயிரம் முறை ஒலித்தாலும், எழுதியவர் பட்டியலில் உன் பெயர் இல்லையென்றால் உனக்கு ஒரு சென்ட் கிடையாது. இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலி என்றால் வேறு சட்டம். அந்தப் பணம் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வழியாக வரும்: பதிவின் உரிமையாளருக்கு 50 சதவீதம், முகப்புக் கலைஞர்களுக்கு 45, கூலிக்கு வாசித்தவர்களுக்கான நிதிக்கு 5. நீ குழுவின் உறுப்பினன் என்றால் அந்த 45-இல் உனக்குப் பங்கு உண்டு. ஆனால் நீயே போய் உன் பெயரைப் பதிவு செய்யவேண்டும். பதிவு செய்யாமல் வருடக்கணக்காக இருந்த டிரம்மர்கள் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள்.

அப்படியானால் டிரம்மர் பாட்டு எழுதியவரா? சட்டத்தின் வழக்கமான பார்வையில் வரியும் மெட்டும்தான் பாட்டு. தாளம் அதற்குள் எளிதில் வராது. ஆனால் குழுவுக்குள் என்ன பேசி எழுதிக்கொள்கிறார்களோ அதுதான் நடைமுறை. ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் 1980-இல் தொடங்கிய ஆர்.ஈ.எம். குழு ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுத்தது: யார் எதைக் கொண்டுவந்தாலும் எல்லாப் பாட்டுக்கும் நாலு பேர் பெயரும் போடுவது, பணத்தைச் சமமாகப் பிரிப்பது. அதனால் டிரம்மர் பில் பெரிக்கு நன்மை என்று மட்டும் நினைக்காதே. 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டின் பெரும்பகுதியைக் கொண்டுவந்தவரே பெரிதான். அதன் பணமும் நாலு பேருக்கும் போனது. யார் எழுதியது என்ற சண்டை இல்லாததால் எந்தப் பாட்டு நல்லது என்பதை மட்டும் பேச முடிந்தது என்பது என் கணிப்பு. முப்பத்தோரு வருடம் நிலைத்தது அந்தக் குழு.

எதிர்த்திசையில் மான்செஸ்டரின் ஸ்மித்ஸ் இருக்கிறது. 1982 முதல் 1987 வரைதான் அவர்கள் வாழ்வு. பாட்டு எழுதியது மோரிஸ்ஸியும் ஜானி மாரும். அதில் யாருக்கும் சண்டையில்லை. பதிவு, மேடை இவற்றின் வருமானத்தில் அந்த இருவரும் 40 சதவீதம் வீதம் எடுத்துக்கொண்டார்கள். பேஸ் வாசித்த ஆண்டி ரூர்க்குக்கும் டிரம்மர் மைக் ஜாய்ஸுக்கும் தலா 10. எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ரூர்க் 83,000 பவுண்டு வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிட்டார். ஜாய்ஸ் நீதிமன்றம் போனார். 1890-ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்புக்கொண்டதற்கு ஆதாரம் இல்லையென்றால் பங்காளிகளுக்குச் சம பங்கு. 1996 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அவருக்கு 25 சதவீதம் என்று தீர்ப்பளித்தது. 1998-இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஜாய்ஸ் ஜெயித்துவிட்டார் என்று நீ சந்தோஷப்படுவாய். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் வேதனையாக இருக்கும். இருபது வயதுக்கு முன்பின்னாக இருந்த பையன்கள் ஒரு மேசையைச் சுற்றி அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதியிருந்தால், நாலு நண்பர்கள் நீதிமன்ற வராந்தாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டியிருந்திருக்காது.

நிர்வாணாவிலும் இந்தப் பங்குப் பிரச்சினை வந்தது. 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டுக்கு மூன்று பேர் பெயரும் இருக்கிறது. ஆனால் 'நெவர்மைண்ட்' ஓடத் தொடங்கியபின், பாட்டுரிமைப் பணத்தில் பெரும்பங்கு தனக்கு வேண்டும், அதுவும் முன்தேதியிட்டு வேண்டும் என்று பாடகர் கர்ட் கோபேன் கேட்டு வாங்கினார். பாட்டுகள் பெரும்பாலும் அவருடையவை, கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. கேட்ட நேரம்தான் குழுவைக் காயப்படுத்தியது. பணம் வருவதற்கு முன் பேசினால் அது ஏற்பாடு. வந்தபின் பேசினால் வழக்கு.

அதனால் ஒரே குடும்பம் என்று சொல்லும் பாடகரிடம் நீ அன்பாகவே சொல்: குடும்பத்துக்குள்ளும் சொத்தை எழுதித்தான் வைக்கிறார்கள். நீ உறுப்பினனா, சம்பளத்துக்கு வாசிக்கிறவனா என்பதை முதலில் கேள். இரண்டுமே மரியாதையான வேலைதான். உறுப்பினன் என்றால் மேடை வருமானம், டி-ஷர்ட் விற்பனை, பதிவு, குழுவின் பெயர் இவற்றில் என்ன பங்கு, கடனில் என்ன பங்கு, நீ விலகினால் எது உன்னோடு வரும் என்று எழுத்தில் வேண்டும். சம்பளம் என்றால் வாரத்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுப்படி எவ்வளவு, பயணம் ரத்தானால் என்ன, ஸ்டுடியோ நாளுக்குத் தனியாகவா என்று எழுத்தில் வேண்டும். பங்கு கேட்டால் சம்பளக்காரன் என்பதும், சம்பளம் கேட்டால் நீயும் ஒரு பங்காளிதானே என்பதும்தான் டிரம்மரை ஏழையாக்கும் ஏற்பாடு. அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதே.

ஒத்திகைகளை உன் போனில் பதிவு செய்து தேதியோடு வைத்துக்கொள். ஒரு பாட்டின் அமைப்பே உன் வாசிப்பால் மாறியது என்றால் அன்றே, சந்தோஷமான அந்த நேரத்திலேயே, "இதில் என் பெயரும் போடலாமா" என்று கேள். வரி விஷயத்தில் ஒன்று மட்டும்: சம்பளத்துக்கு வாசித்தால் உனக்கு வருவது 1099 படிவம், யாரும் வரி பிடித்துக் கொடுக்கமாட்டார்கள். வருமான வரியோடு சுயதொழில் வரி 15.3 சதவீதமும் உன் தலையில்தான். கைக்கு வரும் ஒவ்வொரு தொகையிலும் கால்பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, வருடத்துக்கு நாலு முறை கட்டு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாசிப்பைப் பற்றி உனக்குச் சொல்ல நான் யார்? ஆனாலும் கேட்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ராக் டிரம்மர்களை மட்டும் கேட்டு ராக் டிரம்மர் ஆனவர்கள் சீக்கிரம் தீர்ந்துபோகிறார்கள். 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' தொடக்கத்தில் வரும் அந்த இடியைத் தான் கேப் பேண்ட், கேமியோ போன்ற ஃபங்க், டிஸ்கோ ஆட்களிடமிருந்து எடுத்ததாக க்ரோலே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் ஜிம்மி சேம்பர்லின், நான் மேலே சொன்ன மேட் இல்லை, இவர் வேறு, ஜாஸில் ஊறிய கை. 'சயமீஸ் ட்ரீம்' ஆல்பத்தில் அவ்வளவு கனமான கிட்டார் சுவருக்குள்ளும் அவருடைய ஸ்னேர் மூச்சுவிடுவதற்கு அதுதான் காரணம். உனக்கு மிருதங்கம் தெரியும். அதை மேடையில் காட்டவேண்டும் என்று சொல்லவில்லை. கணக்கு உன் உடம்பில் இருக்கிறது, அது தானாக வரும்.

வாசிக்காமல் இருக்கவும் பழகு. 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பதிவில் தொடக்கம் முதல் கேட்கும் தாளம் ஒரு பழைய யூனிவாக்ஸ் டிரம் மெஷினுடையது. தான் கொண்டுவந்த பாட்டில், தன் இடத்தில் ஓர் எளிய கருவியை ஓடவிட ஒரு டிரம்மர் சம்மதித்தார். பாட்டுக்கு அது பொருத்தமாக இருந்தது, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து ஒரு டிரம்மரின் ரசனைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஸ்டுடியோவில் கவனமாக இரு. அங்கே மேடையில் இருக்கும் இரக்கம் இருக்காது. ஹோல் குழுவின் 'லிவ் த்ரூ திஸ்' ஆல்பத்தில் அற்புதமாக வாசித்த பேட்டி ஷெமல், 1998-இல் வந்த அடுத்த ஆல்பத்தின் பதிவில் ஒதுக்கப்பட்டார். தயாரிப்பாளர் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து வாசிக்கவைத்தார். ஆல்பத்தில் முகம் அவருடையது, வாசிப்பு வேறொருவருடையது. அந்த அடி அவரைப் போதைக்குள் ஆழமாகத் தள்ளியது. மீண்டு வந்து தன் கதையை அவரே புத்தகமாக எழுதினார். ஃபூ ஃபைட்டர்ஸின் இரண்டாவது ஆல்பத்தில் வில்லியம் கோல்ட்ஸ்மித் வாசித்ததன் பெரும்பகுதியை க்ரோலே திரும்ப வாசித்துப் பதிந்தார், கோல்ட்ஸ்மித் விலகினார். இதற்கெல்லாம் முழுத் தற்காப்பு எதுவும் இல்லை. கிளிக் ட்ராக்கோடு தினமும் பழகு. பாட்டுகளை ஸ்டுடியோவுக்கு வெளியே தீர்த்துவிட்டு உள்ளே போ. பதிவு நடக்கும்போது உன்னிடம் கேட்காமல் யாரும் மாற்றி வாசிக்கக்கூடாது, மாற்றினால் அதை ஆல்பத்தில் வெளிப்படையாகப் போடவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டுப் பார். கிடைக்காமல் போகலாம். கேட்டவன் என்ற மதிப்பாவது நிற்கும்.

உடம்பு. இதில் நான் கெஞ்சுவேன். முதலில் காது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. 100 டெசிபலுக்குக் கணக்குப் போட்டால் பதினைந்து நிமிடம்தான். மூடிய ஒத்திகை அறையில் உன் ஸ்னேரும் சிம்பலும் அதைச் சாதாரணமாகத் தாண்டும். காது டாக்டரிடம் போய் அச்செடுத்து, இசைக்காரர்களுக்கான 15 டெசிபல் வடிகட்டியுள்ள காதடைப்பான் செய்துகொள். செலவை நான் தருகிறேன். இதில் மறுப்புச் சொல்லாதே. ராத்திரி படுத்தபின் காதில் ஓயாத ரீங்காரத்தோடு நாற்பது வயதில் வாழ்கிறவர்களை நான் அறிவேன்.

அடுத்தது இன்சூரன்ஸ். 1995 மார்ச் 1-ஆம் தேதி ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் மேடையிலேயே பில் பெரிக்கு மூளை ரத்தக்குழாய் வெடித்தது. அங்கேயே அறுவைச் சிகிச்சை நடந்து பிழைத்தார். உலகப் புகழ்பெற்ற குழு, பக்கத்திலேயே நல்ல மருத்துவமனை. உன் வேன் மொன்டானா நெடுஞ்சாலையில் இருக்கும்போது அப்படி ஒன்று நடந்தால்? 2019-இல் ஸ்லீட்டர்-கின்னி குழுவிலிருந்து விலகிய சில வாரங்களில் டிரம்மர் ஜேனட் வைஸ் கார் விபத்தில் சிக்கினார். காறை எலும்பும் காலும் உடைந்தன. டிரம்மருக்கு இதைவிடக் கொடுமையான கணக்கு உண்டா? அவர் மெல்ல மெல்லத் திரும்ப எழுந்து, தன் பழைய க்வாசி குழுவோடு 2023-இல் புது ஆல்பமே போட்டார். உனக்கு இருபத்தாறு வயதாகும்வரை உன் அப்பாவின் மருத்துவக் காப்பீட்டில் இருக்கலாம். வேலையை விடும் முன் அந்தத் தாளில் உன் பெயர் சேர்ந்திருக்கவேண்டும், சேர்ந்தபின்தான் ராஜினாமா.

போதை பற்றி நீண்ட உபதேசம் செய்யமாட்டேன். 1996 ஜூலையில் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் நியூயார்க்கில் வாசிக்க வந்திருந்தபோது, ஒரே ஹோட்டல் அறையில் சேம்பர்லினும், கீபோர்டு வாசிக்க வந்த ஜொனதன் மெல்வாயினும் ஹெராயின் எடுத்தார்கள். மெல்வாயின் இறந்துபோனார். சேம்பர்லினைக் குழு நீக்கியது. அவர் மீண்டார், குழுவும் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது, இன்றும் வாசிக்கிறார். மெல்வாயினுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எந்த ஊரில், எந்த நேரத்தில், எந்த நிலையில் இருந்தாலும் என்னைக் கூப்பிடு. ஏன் என்று கேட்கமாட்டேன், அக்காவிடமும் சொல்லமாட்டேன்.

வாசிப்பு நின்றுபோகும் காலத்தை நினைத்து உனக்குப் பயம் இருக்கும். பிக்ஸீஸின் டேவிட் லவரிங் மின்னணுப் பொறியியல் படித்தவர்; 1993-இல் குழு கலைந்தபின் மேடை மந்திர வித்தைக்காரர் ஆனார், அறிவியல் சோதனைகளையே வித்தையாகச் செய்துகாட்டினார். 2004-இல் குழு மீண்டும் கூடியபோது ஸ்டூலுக்குத் திரும்பினார். பில் பெரி 1997-இல் விலகி ஏதென்ஸ் பக்கத்தில் பண்ணை வைத்துப் புல் விளைவித்தார். தான் போவதால் குழு கலையும் என்றால் போகமாட்டேன் என்று மற்ற மூவரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். 2024-இல் பாடலாசிரியர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் நாலு பேரும் ஒன்றாக நின்று ஒரு பாட்டு வாசித்தார்கள். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் விலகியவர் அங்கே பாடலாசிரியராக நின்றார். அன்று போட்ட அந்தச் சமபங்குக் கையெழுத்தை நான் மறுபடி மறுபடி உனக்கு நினைவூட்டுவதற்குக் காரணம் அதுதான்.

இப்போது செய்யவேண்டியது: இந்த வாரத்துக்குள் பழைய டிரம்மரோடு பேசு. குழுவிடம் உறுப்பினனா சம்பளமா என்று கேட்டு, அவர்கள் சொல்வதை ஒரு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பு. இசை வழக்கறிஞர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் காட்டுவோம், அந்தக் கட்டணம் என் பொறுப்பு. அவர் பார்த்துச் சொல்லும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே, அலுவலகத்திலும் எதுவும் சொல்லாதே. அவர்கள் எழுதித் தர மறுத்தால் அப்போதும் உடனே முடியாது என்று சொல்லிவிடாதே. ஒரு சுற்றுப்பயணத்துக்கு மட்டும், வாரச் சம்பளத்துக்கு, விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல். நல்ல வாசிப்பு வேண்டும் என்பவர்கள் அதற்கு ஒப்புக்கொள்வார்கள்.

அக்காவிடம் நான் பேசுகிறேன். இன்சூரன்ஸ் தாள் கைக்கு வந்ததும் சொல், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் எனக்கும் தைரியமாக இருக்கும். சியாட்டிலில் உங்கள் நிகழ்ச்சி எந்தத் தேதியில் என்று தெரிந்தால் எழுது. மாமியும் நானும் வருவோம்.

அன்புடன்,
மாமா